தலைவர் வரும்வரை பேசியவை

மேடைப் பேச்சில் இரண்டு வகை உண்டு. தலைவர் பேசுவது ஒன்று. அவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க இன்னொருவர் பேசுவது மற்றொன்று. நான் இரண்டாவது வகையில் தலை நரைத்தவன்.

எனக்குக் கட்சி கிடையாது. திருத்தணியிலும் சுற்றுவட்டத்திலும் யார் மேடை போட்டாலும் கூப்பிடுவார்கள். டுட்டோரியலில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வர வேண்டிய பேச்சாளர் வராததால் மேடை ஏறினேன். அதன் பிறகு இறங்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நானாக இறங்கவும் தெரியவில்லை. இப்போது ஐம்பதுகளின் பின்பாதியில் இருக்கிறேன். நீங்களும் இப்படிப்பட்ட கூட்டங்களில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் சற்று நேரத்தில்" என்பதை நம்பி, எழுந்து போகவும் முடியாமல் தவித்திருப்பீர்கள். அப்போது நீங்கள் மனதுக்குள் திட்டிய ஆள் நான்தான். ஒன்றை மட்டும் நம்புங்கள். உங்களைப் போலவே நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு உட்கார நாற்காலியாவது இருந்தது.

ஓட்டச் சொன்னால் ஓட்டு

பந்தல் ஏகாம்பரம் என்று ஒருவர் இருக்கிறார். பந்தல், மேடை, நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் அவருடையவை. எல்லாக் கட்சிக்கும் அவர்தான் போடுவார். கொடித் துணியை மட்டும் மாற்றிக் கட்டுவார். பேச ஆள் வேண்டுமென்றால் நாற்காலிகளோடு சேர்த்து என்னையும் அனுப்பி வைப்பார். தலைவர் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்ற தகவல் அவருடைய போனுக்குத்தான் வரும். மேடை ஓரத்தில் நின்று எனக்குக் கை காட்டுவார். கையை இழுத்து நீட்டினால் இன்னும் பேச வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்த வேண்டும். நிறுத்துவது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துவது. "ஆகவே" என்று தொடங்கியிருந்தால் ஆகவேயோடு நின்றுவிட வேண்டும். அதற்குள் பட்டாசு வெடிக்க ஆரம்பித்திருக்கும்.

ஒரு சித்திரை மாதம் அரக்கோணம் சாலையில் கூட்டம். தலைவர் திருவாலங்காட்டைத் தாண்டிவிட்டார் என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார்கள். பிறகு இன்னும் திருவாலங்காட்டுக்கே வரவில்லை என்றார்கள். மலையின் பெருமை பேசினேன், கரும்பு விவசாயியின் கஷ்டம் பேசினேன், எல்லைப் போராட்டம் பேசினேன். கையிருப்பு தீர்ந்துபோன பிறகு, வேறு வழியில்லாமல், என் மனதில் இருந்ததைப் பேச ஆரம்பித்தேன். இவ்வளவு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறோம், நம் ஊருக்கு என்ன வேண்டும் என்பது நமக்கே தெரிகிறது, அதைச் சொல்ல வெளியூரிலிருந்து ஒருவர் வரும்வரை ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.  முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்தினார்கள். கொடிக்கம்பத்தின் அருகில் இரண்டு பேர் எழுந்து வேட்டியை உதறினார்கள். ஏகாம்பரம் தண்ணீர் கொடுக்கிற மாதிரி வந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அண்ணா, ஓட்டச் சொன்னா ஓட்டுங்க. யோசிக்க வெச்சீங்கன்னா எழுந்து பூடுவானுங்க."

அவர்களே

எந்தப் பேச்சும் மேடையில் இருப்பவர்களை விளிப்பதில்தான் தொடங்கும். தலைமை தாங்குபவர் அவர்களே, முன்னிலை வகிப்பவர் அவர்களே, வருகை தந்திருக்கும் ஒன்றியம் அவர்களே, நகரம் அவர்களே, முன்னாள் அவர்களே, இந்நாள் அவர்களே. நீங்கள் இந்த இடத்தில்தான் முதல் கொட்டாவி விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பழைய நாட்களில் இதைச் சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்பேன். அப்படி ஒரு நாள் முடித்தபோது, ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு முன்னாள் வார்டு உறுப்பினரின் பெயர் விட்டுப்போயிற்று. மனிதர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் உடனே வேறொருவர் உட்கார்ந்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி, உள்ளே காபிக்குச் சொன்னார். சட்டை போடாத வெறும் உடம்பில், நெற்றியில் விபூதியோடு, என்னைவிடக் களைத்துப்போனவராக இருந்தார். கட்சிக்காரர் ஒருவரும் இப்போதெல்லாம் தேடி வருவதில்லை என்று மருமகள் சொன்னாள். நான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தபோது, கோபமே இல்லாமல் கேட்டார்:

"மைக்ல என் பேரு வரும், காதுகொடுத்துக் கேளுங்கன்னு வூட்ல சொல்லிட்டு வந்தங்க. பேரே வரலன்னா, நான் அங்க வந்து ஒக்காந்ததுக்கு இன்னா சாட்சி?"

ஓடைக்கு அந்தப் பக்கம்

என் அக்கா தேசம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சின்ன ஊர். அக்கா புருஷன் முனிரத்தினத்தை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் அக்கா புருஷன் பாவாதான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை திருத்தணிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போக வேண்டும். ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அந்த ஓடை. அதைக் கடக்க, ஓடை மட்டத்துக்கே போட்ட ஒரு சிமெண்ட் தரைப்பாலம். நல்ல மழை பெய்தால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். ஆட்டோ வராது. டிராக்டரில் ஏற்றியும், அதுவும் முடியாதபோது இரண்டு ஆட்கள் கைத்தாங்கலாகப் பிடித்தும், இடுப்பளவுத் தண்ணீரில் அவரை இக்கரை சேர்த்திருக்கிறார்கள்.

திருத்தணியில் என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று பல தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டார். கொஞ்சம் கரும்பு, இரண்டு மாடு, அவர் அப்பா கட்டிய வீடு. ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தால் அந்த வீட்டில்தான் படுக்க வேண்டும் அவருக்கு. வேறு இடத்தில் உயிரோடு இருப்பதை அவர் இருப்பதாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆக, அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஓடைக்கு மேலே, தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு பாலம். அது வந்தால் அவர் சொந்த வீட்டில் இருந்துகொண்டே பிழைப்பார். ஒரு ஐப்பசி மாதம், நனைந்த வேட்டியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, கையில் ஊசி ஏற்றிக்கொள்ளும்போதே என்னிடம் கேட்டார்:

"எவன் எவன் பெருமையெல்லாமோ மைக்க புட்ச்சிகினு பேசற. எங்க ஓடையப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டியா மச்சான்?"

அரை வாக்கியம்

பேசினேன். அங்கேதான் என் தொழிலின் விசித்திரம் எனக்கு உறைத்தது. பாலம் வேண்டும் என்பதைத் தலைவர் கேட்க வேண்டும். தலைவர் இல்லாதபோதுதான் எனக்குப் பேச்சு. தலைவர் வந்தால் எனக்கு வாய் கிடையாது. கேட்கக்கூடியவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கொடுக்கக்கூடியவர் காரை விட்டு இறங்கும்போது நான் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். இத்தனை வருடம் இதைத் தொழில் என்று நினைத்துச் செய்திருக்கிறேனே, என்னை எதற்கு வைத்திருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். தலைவரின் கார் பைபாஸ் திரும்பிவிட்டது என்று ஏகாம்பரம் ஜாடை காட்டியதும் ஓடையைப் பற்றித் தொடங்கி, அவர் மேடைப் படியில் கால் வைக்கும்போது கோரிக்கையில் முடிப்பது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் அது கிட்டத்தட்டக் கைகூடியது. தலைவர் படியேறிக்கொண்டிருந்தார். நான், "ஆகவே அந்த ஓடையின் குறுக்கே ஒரு" என்றேன். உள்ளங்கை கவிழ்ந்தது. மைக்கின் சத்தத்தையே குறைத்துவிட்டார்கள். தலைவர் நேரமின்மை காரணமாக நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கூட்டம் கலைந்த பிறகு டீக்கடைக்குப் போனேன். கிளாசை நீட்டிய கடைக்காரர், ஓடைக்குக் குறுக்கே என்னவென்று கேட்டார். பாலம் என்றேன்.

"ஆங், அதானா. பாதியில வுட்டுட்டீங்களா, நான் ஏதோ கொலைன்னு நெனச்சிகினு கீறேன் சார்."

மொழிபெயர்ப்பு

தேர்தல் நேரத்தில் ஆந்திராவிலிருந்து தலைவர்கள் வருவார்கள். அவர்கள் தெலுங்கில் பேச, பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதிப் பேருக்குக் கேட்டால் புரியும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வெளியூர்த் தலைவர் பேசினால் அவருக்கு மதிப்புக் குறைவு என்று ஒரு நம்பிக்கை. அதனால் புரிந்துவிட்ட ஒன்றை இரண்டாம் தடவையாக எல்லோரும் பொறுமையாகக் கேட்பார்கள்.

அப்படி வந்த ஒருவர், தணிகை மலைக்கு வணக்கம், தாய்மார்களுக்கு வணக்கம் என்று வழக்கமான முன்னுரையில் இருந்தார். அப்போது வெளியே கார்த்திகை மாத மழை பிடித்திருந்தது. பந்தல் துணியில் தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் பாவாவுக்கு டயாலிசிஸ் நாள். ஒரு தலைவர் என் தோளோடு தோள் உரச நிற்கிறார், என் கையில் மைக் இருக்கிறது, ஏகாம்பரத்தால் கையைக் கவிழ்க்க முடியாது. இப்படி ஒரு நிலைமை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் நானாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: "கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் ஓடைக்குப் பாலம் இல்லாமல் மக்கள் படும் பாட்டை நான் அறிவேன்; அந்தப் பாலம் வருவதற்கு நான் குரல் கொடுப்பேன்." கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தலைவர் தன் முந்தைய வரிக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அவரும் சிரித்துக் கையசைத்தார். முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை, எழுந்திருக்காமலே, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நைனா, அவரு அத சொல்லவே இல்லியே. நீ வேணும்னா சொல்லிக்கோ, ஆனா அவரு மேல போடாத."

சீக்கிரம் வந்தவர்

ரேஷன் கடைக் கட்டடத் திறப்பு விழா. ஒரு அமைச்சர் வருவதாக ஏற்பாடு. மலைக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு நேராக இறங்கி வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்பே. கூட்டம் சேரவில்லை. அவருக்குப் போட வேண்டிய மாலை இன்னும் வந்து சேரவில்லை. அவரைச் சும்மா உட்கார வைக்க முடியாதே என்று ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதற்றமாக. வரவேற்புரை என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார். என் எதிரே காலி நாற்காலிகள், பின்னால் ஒரே ஒரு அமைச்சர். நான் நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினேன்.  

ஓடையைப் பற்றி எல்லாம் சொன்னேன். பாவாவை எப்படித் தண்ணீரில் தாங்கிக்கொண்டு வந்தார்கள், செருப்பு எப்படி அடித்துக்கொண்டு போனது, அக்கா இக்கரையில் நின்று மருந்துப் பையைத் தலைக்கு மேல் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம். கடைசி வாக்கியத்தை முடித்தேன். முற்றுப்புள்ளி வைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பேச்சைத் தொடங்கியதும் முதல் வேலையாக, பாலம் கட்டப்படும் என்று அறிவித்தார். அதற்குள் வந்து சேர்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கும்போது அவர் என் தோளைத் தொட்டுத் தன் பக்கம் இழுத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பிரமாதமா பேசுறீங்க. அடுத்த மாசம் நம்ம கூட்டத்துக்கெல்லாம் வாங்க. அந்த ஓடை மேட்டர மட்டும் வுட்றாதீங்க, அது நல்லா எடுபடுது."

எடுபடுகிற இடம்

போனேன். பாலம் வேலை நடக்க வேண்டுமென்றால் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஓடையே இல்லாத ஊர்களில் எங்கள் ஓடையைப் பேசினேன். செருப்பு அடித்துக்கொண்டு போகும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். மருந்துப் பைக்கு அடுத்ததாக அக்காவின் வாயிலிருந்து, அவள் ஒருபோதும் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். நன்றாக இருந்தது. ஒரு நாள் மேடைக்குப் போகிற வழியில் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, பாலம் வந்துவிட்டால் இந்தப் பத்து நிமிடத்துக்கு வேறு என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை முடிந்த பிறகுதான் என்ன யோசித்தேன் என்பதே புரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சிறிது தூரம் நடந்தேன். பிறகு ஏறிக்கொண்டேன். அன்றைக்கும் பேசினேன்.

திருவாலங்காட்டில் ஒரு கூட்டம். கரும்பு வெட்டு முடிந்து ஊரே வந்திருந்தது. அக்காவும் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. நான் இறங்கி வந்ததும் பக்கத்தில் வந்தாள். அழுத கண். பேச்சு அவளைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். மேடையில் எனக்குப் போர்த்திய சால்வையைப் பார்த்தபடி கேட்டாள்:

"நான் எப்படா தம்பி அப்டி சொன்னேன்?"

பொன்னாடை

பாலத்துக்கு அடிக்கல் நாட்டு விழா என்று நாள் குறித்தார்கள். ஜோசியர் பார்த்துக் கொடுத்த நல்ல நாள், பாவாவின் ஆஸ்பத்திரி நாளாக அமைந்துவிட்டது. மேடையை ஏகாம்பரம் தரைப்பாலத்தின் வாயிலேயே போட்டிருந்தார். சமமான இடம் அது ஒன்றுதான். தவிர, போட்டோவில் தலைவருக்குப் பின்னால் ஓடை தெரிய வேண்டுமாம். "வழி அடைச்சிக்கும்" என்று முதல் நாளே சொன்னேன். காலையில் சீக்கிரமே முடிந்துவிடும் என்றார். அதை நம்பும் அளவுக்கு நான் புதியவன் இல்லை, ஆனாலும் நம்பினேன். ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் முட்செடியும் சேறும். தலைவர் வரவில்லை. ஏகாம்பரம் கையை இழுத்து நீட்டினார். நான் பேசத் தொடங்கினேன். மருத்துவமனைக்குப் போக முடியாமல் ஒரு நோயாளி ஓடைக் கரையில் நின்று தவிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேடைக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தரைப்பாலத்தின் மேல் ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே பாவா.

நான் மைக்கிலேயே, ஒரு ஆட்டோவுக்கு இடம் விடுங்கள் என்றேன். மேடையை யாரால் நகர்த்த முடியும்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவா ஆட்டோவை விட்டு இறங்கினார். அக்கா ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, ஆட்டோக்காரர் மறு கையைப் பிடித்துக்கொள்ள, மேடையின் பின்படியில் ஏறினார். ஏறி, முன்பக்கமாக இறங்கி, ரோட்டில் வேறு ஆட்டோ பிடிக்கலாம் என்று. மேடையில் இருந்த தொண்டர்கள், இரண்டு பேர் கைத்தாங்கலாக ஒரு பெரியவரை அழைத்து வருவதைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அப்படி வருகிறவர் முக்கியஸ்தராகத்தான் இருப்பார். உடனே ஒருவர் பொன்னாடை போர்த்தினார். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  வாய்ப் பழக்கத்தில், "முனிரத்தினம் அவர்களே" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் கை தட்டியது.

அவர் எழுந்திருக்கப் பார்த்த நேரத்தில் பட்டாசு வெடித்தது. தலைவரின் கார்களும் கூட வந்த வண்டிகளும் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டன. தலைவர் மேடை ஏறி வரிசையாக வணக்கம் வைத்து, பாவாவின் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஊசி ஏறி ஏறிக் கரடு தட்டிப்போன அந்தக் கையை. விழா முடிந்து, வண்டிகள் திரும்பி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள் வரச் சொன்னார்கள். முகமும் காலும் வீங்கிப்போய், மூச்சு வாங்க, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடையை இன்னும் கழற்றவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், நான் இருக்கும் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"தண்ணியில கூட தாண்டிட்டேன் மச்சான். உன் கூட்டத்ததான் தாண்ட முடியல."

குழி

விழா முடிந்த கொஞ்ச நாளில் பொக்லைன் வந்தது. தூண் போடுவதற்காகத் தரைப்பாலத்தை நடுவில் உடைத்து, ஒரு ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். பிறகு பொக்லைன் போய்விட்டது. முதலில் மழை முடியட்டும் என்றார்கள். பிறகு திட்டத்தை மறுபடி போட வேண்டும் என்றார்கள். நான் அமைச்சரைப் பார்க்க இரண்டு தடவை சென்னைக்கு ரயிலேறினேன். இரண்டாம் தடவை அவருடைய உதவியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்கார வைத்து, ஓடைப் பேச்சை அங்கிருந்தவர்களுக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னார். அவர்கள் கேட்பதற்காக இல்லாவிட்டாலும், உள்ளறையில் இருப்பவர் காதில் விழலாம் என்ற நினைப்பில் சொல்லிக் காட்டினேன். உள்ளறையில் யாரும் இல்லை என்று பிறகு தெரிந்தது. மழைக்காலத்தில் மட்டும் கடக்க முடியாமல் இருந்த ஓடை, இப்போது எல்லாக் காலத்திலும் கடக்க முடியாத ஓடையாகிவிட்டது. குழியைச் சுற்றிக்கொண்டு மனிதர்கள் இறங்கி ஏறலாம். ஆட்டோவோ டிராக்டரோ வராது. அடிக்கல் மட்டும் ரோட்டோரத்தில் நன்றாக இருக்கிறது. சாணி தட்ட வசதியான உயரம்.

மாடுகளை விற்றுவிட்டு, கரும்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு மத்தியான நேரத்தில் அக்காவும் பாவாவும் இரண்டு பைகளோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர் ஓடையைக் கடைசியாக எப்படித் தாண்டினார் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் புடவை முட்டிவரை சேறாக இருந்தது. நான் வாசல்படியில் நின்றுகொண்டு, வாங்க பாவா, இது உங்க வீடு மாதிரி, எத்தனை காலமானாலும் இங்கேயே, என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நான் முடிப்பேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வரவேற்புரைலாம் வேணாம் மச்சான். கொஞ்சம் தள்ளிக்கோ, நான் ஒக்காரணும்."

தலைவர் வருகிறார், வழிவிடுங்கள் என்று இந்த வட்டாரம் முழுக்க மைக்கில் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதைக் கேட்டு உண்மையிலேயே வழிவிட்டுப் போன குடும்பம் என் அக்கா குடும்பம் ஒன்றுதான்.